அக்கா, தங்கை, பழ ஈ, பிடிஓ வீடு: ஆய்வகக் காதல் நகைச்சுவை எழுத வருபவர்களுக்கு

ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண், அவளுக்கு ஓர் அக்கா, நடுவில் ஒரு காதல் முறிவு, கடைசியில் கல்யாணமோ அதற்குப் பக்கத்தில் ஏதோ ஒன்றோ. இந்த மாதிரிக் கதைகள் ஆங்கிலத்தில் சில வருடங்களாகச் சக்கைப்போடு போடுகின்றன. சிங்கப்பூர் இளையர்களில் தமிழில் இப்படி ஒன்று எழுதிப் பார்க்கலாமே என்று நினைப்பவர்கள் உண்டு. தாராளமாக எழுதலாம். கென்ட் ரிஜ் பக்கம் பல்கலைக்கழக ஆய்வகங்கள், புவன விஸ்தாவில் 2003இல் திறந்த பயோபொலிஸ் ஆய்வு வளாகம், எந்த நேரமும் கூட்டம் குறையாத லிட்டில் இந்தியாவின் தேக்கா என்று வேண்டிய களமெல்லாம் எம்ஆர்டி தூரத்தில் இருக்கிறது.

புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் நாயகனில் தொடங்குவார்கள். அவன் உயரம், தாடி, மடித்துவிட்ட சட்டைக் கை. இரண்டு பக்கம் நன்றாக ஓடும், அப்புறம் கதை படுத்துவிடும். நான் சொல்வது இதுதான்: முதலில் சகோதரிகளை எழுதுங்கள். நம் வாசகருக்கு ஒரு மாப்பிள்ளையைப் பிடிக்குமா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது அவனுடைய தாடி இல்லை. பெண்ணின் அக்கா அவனுக்குச் சோறு போடும்போது இரண்டாவது கரண்டி வைக்கிறாளா என்பதுதான்.

முதல் படி: இருவரையும் ஒரே அறையில் விடுங்கள்

வேறு ஊரில் கதை நடந்தால், முப்பதை ஒட்டிய இரு சகோதரிகள் ஒரே அறையில் தூங்குவதற்கு எழுத்தாளர் ஏதாவது காரணம் தேட வேண்டும். வெள்ளம், திவால், பாட்டியின் உயில். நமக்கு அந்தத் தொல்லை கிடையாது. கல்யாணம் ஆகாதவர் தனியாக வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்க 35 வயது நிறைந்திருக்க வேண்டும். வெளியே வாடகைக்கு அறை எடுக்கலாம்தான், ஆனால் முனைவர் பட்ட மாணவியின் உதவித்தொகையில் அது முடிகிற காரியமா? ஆக, அம்மா அப்பாவின் நாலறை வீட்டில், பள்ளிக்கூட நாளில் வாங்கிப் போட்ட இரட்டை அடுக்குக் கட்டிலில், அக்கா கீழே, தங்கை மேலே. நம்பும்படியாக இருக்கிறது. சட்டமே எழுதிக் கொடுத்த காட்சி.

உதாரணத்துக்கு இருவரை வைத்துக்கொள்வோம். அக்கா மாலதிக்கு 32 வயது, தொடக்கப்பள்ளி ஆசிரியை. தங்கை ரூபிணிக்கு 28, பழ ஈக்களை வைத்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். வீடு ஈசூனில்.

ஒருத்தி அழகி, ஒருத்தி அறிவாளி என்று மட்டும் பிரித்துவிடாதீர்கள். பத்திரிகைத் தொடர்கதைகள் அதை அரைத்துத் துவைத்துக் காயப்போட்டுவிட்டன. அதற்குப் பதில் இருவருக்கும் நடுவே தீராத ஒரு பழைய கணக்கை வையுங்கள். தொடக்கக்கல்லூரியில் மாலதிக்கும் உயிரியல்தான் உயிர். அப்பாவுக்கு வேலை போன வருடம் அவள் ஆசிரியர் பயிற்சிக்குப் போய்விட்டாள், படிக்கும்போதே சம்பளம் வரும் என்பதால். தங்கைக்கு அந்த நெருக்கடி வரவில்லை. இப்போது ரூபிணியின் ஆய்வேட்டைப் பிழைதிருத்துவது யார்? மாலதி. தான் போக நினைத்த பாதையின் ஒவ்வொரு அத்தியாயத்திலும் கால்புள்ளி போட்டுக்கொண்டிருக்கிறாள். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேசவும் வைக்காதீர்கள், முக்கால்வாசிக் கதை வரைக்கும்.

அவர்கள் பேசுவது இப்படித்தான் இருக்க வேண்டும்:

"இந்த டவல் யாரோடது?"

"உன்னோடது."

"ஈரமா இருக்கு."

"அதான் சொல்றேன்ல, உன்னோடது. என்னோடது காய்ஞ்சிருக்கு."

இந்த நாலு வரியில் பாசமும் இல்லை, பகையும் இல்லை. இருபத்தெட்டு வருடம் ஒரே குளியலறையைப் பகிர்ந்தவர்கள் என்பது மட்டும் தெரிகிறது. அக்கா தங்கை உரையாடலில் "நீதான்க்கா எனக்கு எல்லாமே" என்று எழுதத் தோன்றினால், டவலைப் பற்றி எழுதுங்கள்.

இரண்டாம் படி: ஒரே ஓர் உயிரினத்தைப் பிடியுங்கள்

"அவள் ஒரு முக்கியமான ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தாள்" என்ற வாக்கியம் உங்கள் கதையில் இருந்தால் அடித்துவிடுங்கள். எந்த ஆராய்ச்சி, எந்தப் பிராணி, எத்தனை மணிக்கு அதற்குத் தீனி? இது தெரியாமல் ஆய்வகக் காட்சி எழுத முடியாது. எழுதினால் சினிமா ஆய்வகம்தான் வரும்: கண்ணாடிக் குடுவையில் பச்சைத் தண்ணீர் கொதிக்கும், நாயகி அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

சிங்கப்பூருக்கென்றே ஒரு பிராணி வேண்டுமென்றால் வரிக்குதிரை மீன் இருக்கிறது. ஜெல்லிமீனின் ஒளிரும் மரபணுவை அதற்குள் வைத்துப் பச்சையாக மின்னும் மீனை 1999இல் உருவாக்கியது நம் தேசியப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள். பின்னால் அமெரிக்காவில் வீட்டுத் தொட்டிகளில் வளர்க்க விற்பனைக்கு வந்ததும் அந்த வம்சம்தான். இன்னொரு சங்கதியும் உண்டு. இதயத்தின் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டி எடுத்தாலும் இந்த மீன் இரண்டு மாதத்தில் அதைத் திரும்ப வளர்த்துக்கொள்ளும்; 2002இல் வந்த கண்டுபிடிப்பு. காதல் தோல்விக் கதைக்கு இதைவிடப் பொருத்தமாக வேறென்ன வேண்டும் என்று தோன்றும். அங்கேதான் கவனம் தேவை. நாயகி மீன்தொட்டி முன்னால் நின்று "இந்த மீனுக்கு இருக்கும் வரம் எனக்கு இல்லையே" என்று உருகினால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். பயன்படுத்தியே தீர வேண்டுமென்றால், உருகத் தெரியாத ஒரு சக மாணவன் சாப்பாட்டு நேரத்தில் வாயில் மீ கோரெங்கோடு சொல்லட்டும்.

என் ஓட்டு பழ ஈக்குத்தான். வாழைப்பழத்தைச் சுற்றுமே, அந்தச் சின்ன ஈ. நூறு ஆண்டுக்கும் மேலாக மரபியல்காரர்கள் அதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். நகைச்சுவைக் கதைக்கு அதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரே ஒரு காரணம் போதும்: கன்னி ஈ பொறுக்குவது.

கேலி இல்லை, ஆய்வகத்தில் நிஜமாகவே அப்படித்தான் சொல்வார்கள். பெண் ஈ, தான் சேர்ந்த ஆணின் விந்தைத் தன் உடலுக்குள் நாள்கணக்கில் சேமித்து வைத்துக்கொள்ளும். யாருக்கு யார் அப்பா என்று தெரியாவிட்டால் மரபியல் ஆய்வே குப்பை. அதனால் இன்னும் எந்த ஆணோடும் சேராத பெண் ஈக்களை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். கூட்டிலிருந்து வெளிவந்த பெண் ஈ 25 டிகிரி வெப்பத்தில் முதல் எட்டு மணி நேரத்துக்கு ஆணை அண்டவிடாது. அதற்குள் எடுத்தாக வேண்டும். 18 டிகிரியில் வைத்தால் எல்லாம் மெதுவாகும், 16 மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும்.

ஆகவே ரூபிணியின் நாள் இப்படி ஓடுகிறது. காலை எட்டு மணிக்குக் குப்பியிலிருக்கும் ஈ எல்லாவற்றையும் தட்டிக் காலி செய்கிறாள். மாலை நாலு மணிக்குள், அதற்குப் பின் பிறந்தவற்றிலிருந்து கன்னிகளைப் பொறுக்குகிறாள். பொறுக்கி முடித்ததும் குப்பியை 18 டிகிரிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கிளம்புகிறாள். மறுநாள் காலை எட்டுக்குத் திரும்பவும் பொறுக்குகிறாள். சனி, ஞாயிறு, தீபாவளி என்று ஈக்களுக்குத் தெரியாது.

பொறுக்குவதைக் கிட்டத்தில் காட்டுங்கள். கரியமில வாயு கசியும் வெள்ளைத் தட்டில் ஈக்கள் மயங்கிக் கிடக்கும். நுண்ணோக்கியில் கண், கையில் மெல்லிய வண்ணத்தூரிகை. ஆண் கொஞ்சம் சிறிசு, வயிற்றின் நுனி கறுப்பு, முன்னங்காலில் குட்டிச் சீப்பு மாதிரி கறுத்த முள் வரிசை. பெண் பெரிசு, வயிறு கூராக முடியும். அப்போதுதான் பிறந்தது என்றால் உடம்பு வெளுத்திருக்கும், வயிற்றுத் தோலுக்குள் கரும்பச்சையாக ஒரு புள்ளி தெரியும். அதுதான் கன்னிக்கு அடையாளம். தூரிகையால் ஆண்களை இடப்பக்கம், பெண்களை வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போவாள். மேசையெங்கும் ஈஸ்டும் சோளமாவும் வெந்த வாசனை. இரண்டு ஈ தப்பித்து அவள் காபி டம்ளரைத் தேடும், ஆனால் ஆய்வகத்துக்குள் சாப்பிடக் குடிக்கத் தடை என்பதால் டம்ளர் வாசலுக்கு வெளியே இருக்கும். வீட்டில் வாழைப்பழத்தை ஈ மொய்த்தால் அம்மா யாரைத் திட்டுவார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

மூன்றாம் படி: கடிகாரத்தை ஈயின் கையில் கொடுங்கள்

இவ்வளவு விவரம் எதற்கு என்றால், இதுதான் உங்கள் கதையின் அச்சு. அறிவியலை அலங்காரமாகத் தொங்கவிட்டால் அது பாரம். அதையே கதையின் கால அட்டவணை ஆக்கினால் சிரிப்பும் சிக்கலும் தானாக வரும்.

காதலனும் அந்த வழியாகவே வரட்டும். ஒரு வெள்ளிக்கிழமை இரவு 18 டிகிரிப் பெட்டி பழுதாகி உள்ளே சூடு ஏறிவிடுகிறது. காலையில் வந்து பார்த்தால் குப்பிக்குள் எட்டு மணி நேர விதியெல்லாம் காற்றில் போய், எந்தப் பெண் ஈ கன்னி என்று சொல்ல வழியில்லை. முட்டையிலிருந்து ஈயாக 25 டிகிரியில் ஏறத்தாழ பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாள் உழைப்பும் போச்சு. பெட்டியைப் பழுதுபார்க்க வருபவன் சரவணன், 33 வயது. உதிரிபாகம் செவ்வாய்க்கிழமைதான் வரும் என்கிறான். அவள் அவனை முறைக்கிறாள். அவன் குப்பியைத் தூக்கிப் பார்த்து, "இதுக்கு ஏன் இவ்வளவு டென்ஷன்? மார்க்கெட்டுல நிறையச் சுத்துதே" என்கிறான்.

இதுபோதும், அறிமுகம் ஆயிற்று. மழையில் மோதி கோப்புகள் சிதறத் தேவையில்லை.

நாயகனைப் பேராசிரியராகவோ ஆய்வுக்கூடத் தலைவராகவோ ஆக்க வேண்டாம் என்பேன். பட்டம் யார் கையில் இருக்கிறதோ அவரையே காதலிப்பது கதையில் இனிப்பாகத் தெரியலாம். நிஜத்தில் அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்ல முடியாத இடம் அது. சிரிப்புக் கதையின் அடியில் அந்தக் கசப்பு கிடந்து உறுத்தும்.

இனி எஞ்சின். ரூபிணிக்குக் காதல் அரும்பும் அதே வாரத்தில் மாலதியின் நிச்சயதார்த்தம் முறிகிறது. கீழ்க் கட்டிலில் அழுகை, மேல் கட்டிலில் சிரிப்பை அடக்கிக்கொண்டு குறுஞ்செய்தி. அக்காவுக்குத் தெரியாமல் சந்தோஷமாக இருக்க வேண்டிய கட்டாயம். இந்த ஒரு நிலைமையை வைத்து ஆறு அத்தியாயம் ஓட்டலாம்.

அக்காவிடம் அவள் சொல்லும் பொய் என்ன? "ஈ பொறுக்கப் போறேன்." அதைச் சொல்லிவிட்டு கென்ட் ரிஜ்ஜில் ஏறி, ஹார்பர்ஃபிரண்டில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்கி, கேம்பல் லேனில் அவனோடு உட்கார்ந்திருப்பாள். பொய் எங்கே உடைய வேண்டும் என்பது உங்களுக்கே இப்போது தெரிந்திருக்கும். ஆய்வேட்டைப் பிழைதிருத்தியவள் மாலதி. அட்டவணை அவளுக்கு அத்துப்படி.

"எங்கடி இருக்க?"

"லேப்லக்கா. ஈ பொறுக்கிட்டு இருக்கேன்."

"காலையில எட்டு மணிக்குக் காலி பண்ணுவ. நாலு மணிக்குள்ள பொறுக்கி பதினெட்டு டிகிரில வச்சிடுவ. இப்ப மணி ஏழரை. எந்த ஈ?"

போனில் மூன்று நொடி அமைதி, பின்னால் தெளிவாகக் கேட்கும் "அண்ணே, ரெண்டு தே தாரிக்!" அவ்வளவுதான். முதல் அத்தியாயத்தில் வாசகர் வேடிக்கையாகப் படித்த அறிவியல் இங்கே சாட்சி சொல்கிறது. ஒவ்வோர் அறிவியல் விவரத்துக்கும் இப்படி ஒரு வேலை இருக்கிறதா என்று பாருங்கள். வேலை இல்லாததை இரக்கமில்லாமல் எடுத்துவிடுங்கள்.

நாலாம் படி: முறிவுக்கு ஒரு காகிதம் வேண்டும்

காதல் முறிவை மழையிலும் பாட்டிலும் எழுதுவது சுலபம். சிங்கப்பூரில் அது பெரும்பாலும் படிவத்தில் நடக்கிறது. இங்கே பலருக்குக் காதலைச் சொல்வது என்றால் "பிடிஓ போடலாமா?" என்று, அதாவது இனிமேல் கட்டப்போகும் புது வீவக வீட்டுக்குச் சேர்ந்து விண்ணப்பிக்கலாமா என்று கேட்பதுதான். ஊருக்கே தெரிந்த பழைய நகைச்சுவை இது, இன்னும் சலிக்கவில்லை.

விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள், நகைச்சுவை அவற்றில்தான் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே நிச்சயித்த ஜோடியாகப் புது வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். சாவி வாங்கிய மூன்று மாதத்துக்குள் திருமணச் சான்றிதழைக் காட்ட வேண்டும். நாலறை வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது 2,000 வெள்ளி கட்டுவார்கள். அதற்குப் பிறகு மனம் மாறினால் அந்தப் பணம் திரும்ப வராது. குத்தகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு மனம் மாறினால் வீட்டு விலையில் 5 விழுக்காடு போய்விடும். ஆக, எந்தக் கட்டத்தில் பிரிந்தார்கள் என்பதை வைத்தே சோகத்தின் விலையைச் சொல்லிவிடலாம். விதிகள் அவ்வப்போது மாறும். உங்கள் கதை நடக்கும் ஆண்டில் எது நடப்பில் இருந்தது என்று வீவக இணையத்தளத்தில் பார்த்து எழுதுங்கள். சிங்கப்பூர் வாசகர் காதலில் ஓட்டை இருந்தால் மன்னிப்பார், வீவக விதியில் ஓட்டை இருந்தால் கடிதம் எழுதுவார்.

மாலதியின் மாப்பிள்ளை ஏன் பிரிந்தான்? வில்லனாக்காதீர்கள். இரகசியமாக இன்னொருத்தி என்று வைத்தால் அவள் கோபப்பட்டுவிட்டுத் தேறிவிடுவாள், கதைக்கு ஒன்றும் மிஞ்சாது. அவன் நல்லவனாகவே இருக்கட்டும். தெங்காவில் வீடு கட்டி முடியும்வரை நான்கு வருடம் காத்திருந்ததில், தாங்கள் காத்திருந்தது வீட்டுக்காக மட்டும்தான் என்று அவனுக்கு முதலில் தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரியும். அவன் முந்திக்கொண்டு சொல்லிவிட்டான் என்பதுதான் அவளுக்கு ஆற்றாமை.

பிறகு ஒரு பொருள் வேண்டும். கடிதம், மோதிரம், புகைப்படம் எல்லாம் தேய்ந்துபோனவை. பாலஸ்டியர் சாலையில் விளக்குக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. புது வீடு வாங்கும் ஜோடிகள் வார இறுதியில் அங்கே அண்ணாந்து பார்த்தபடி நடப்பார்கள். மாலதியும் அவனும் வரவேற்பறைக்கென்று ஒரு தொங்குவிளக்கை முன்பணம் கட்டிச் சொல்லிவைத்திருந்தார்கள். எல்லாம் முறிந்து மூன்று வாரம் கழித்து அது வந்து சேர்கிறது, ஈசூன் வீட்டுக்கு. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளமாட்டேன் என்கிறார். பதினாறு கண்ணாடிக் குமிழ். உட்கூரை தாழ்வு. அப்பா ஏணி போட்டு அதைச் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டிவிடுகிறார், காசு கொடுத்தது வீணாகக் கூடாதே. அன்றிலிருந்து யார் எழுந்தாலும் தலையில் இடிக்கிறது. ரசம் பரிமாறும்போது அம்மாவுக்கு இடிக்கிறது, முதல் முறை சாப்பிட வரும் சரவணனுக்கும் இடிக்கிறது. யாரும் விளக்கைப் பற்றிப் பேசுவதில்லை. "பார்த்து" என்று மட்டும் சொல்கிறார்கள்.

இப்படி ஒரு பொருள் கிடைத்தால் அழுகைக் காட்சியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: தங்கை ஆய்வுக் கட்டுரையால் ஆறுதல் சொல்லட்டும்

படித்த தங்கைக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, மேற்கோள்தான் காட்டத் தெரியும். இங்கே உண்மையான அறிவியலே உங்களுக்கு வசனம் எழுதித் தரும். கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை:

காதலில் கைவிடப்பட்டு, இன்னும் காதல் தீராத 15 பேரை மூளை வருடிக்குள் படுக்கவைத்து, விட்டுப்போனவரின் படத்தைக் காட்டிய ஆய்வு 2010இல் வந்தது. ஏக்கத்தோடும் போதைப் பழக்கத்தோடும் தொடர்புள்ள மூளைப் பகுதிகள் அப்போது சுறுசுறுப்பாயின. மாலதி நள்ளிரவில் அவனுடைய "கடைசியாகப் பார்த்த நேரம்" பார்க்கிறாளே, அதற்கு இது பொருந்தும்.

அடுத்த ஆண்டு இன்னொன்று. 40 பேருக்கு ஒரு தடவை முன்னாள் காதலரின் படம், ஒரு தடவை முன்னங்கையில் சூடு. உடல் வலியை உணரும் மூளைப் பகுதிகள் சில இரண்டுக்குமே விழித்துக்கொண்டன. "மனவலியும் உடல்வலியும் ஒன்று" என்று செய்தித்தாள்கள் எழுதித் தள்ளியது இதை வைத்துத்தான். ஆனால் 2014இல் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தபோது, ஒரே பகுதிக்குள்ளும் இரண்டின் செயல்வடிவமும் வேறு வேறு என்று தெரிந்தது. இந்த வரிசையே ஒரு நகைச்சுவைக் காட்சி: ரூபிணி 2011 ஆய்வைச் சொல்லி அக்காவைத் தேற்றிக்கொண்டிருக்கிறாள், அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே, "அதை 2014ல மாத்திட்டாங்களே, உன் ரெண்டாவது அத்தியாயத்துல நீயே எழுதியிருக்க" என்கிறாள்.

பனடோல் கதையும் உண்டு. பாராசிட்டமாலைத் தினமும் மூன்று வாரம் எடுத்தவர்கள் மனம் புண்பட்ட தருணங்களைக் குறைவாகச் சொன்னதாக 2010இல் ஓர் ஆய்வு. தங்கை மாத்திரை நீட்டுவது வேடிக்கையாக இருக்கும். ஆனால் அது பலித்ததாக எழுதாதீர்கள், படிக்கிறவர் யாராவது முயன்று பார்த்துக் கல்லீரலைக் கெடுத்துக்கொள்ளப் போகிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது ஈயைப் பற்றியதுதான். சேர்க்கைக்கு மறுக்கும் பெண் ஈக்களோடு ஆண் ஈக்களை நாலு நாள் பழகவிட்டு, பிறகு சாராயம் கலந்த தீனியையும் கலக்காத தீனியையும் வைத்தார்கள். நிராகரிக்கப்பட்டவை சாராயத்தின் பக்கம் அதிகம் போயின. 2012இல் வெளியான ஆய்வு. மூளையில் ஒரு புரதத்தின் அளவு குறைந்ததே காரணம் என்றும் கண்டார்கள்.

"அப்ப பொண்ணு ஈ என்ன பண்ணும்?" என்று மாலதி கேட்கிறாள்.

"அந்த ஆய்வுல ஆண் ஈயை மட்டும்தான் பார்த்தாங்க."

"அதானே."

இந்த "அதானே"யில் மாலதி மூன்று வாரத்தில் முதல்முறையாகச் சிரிக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை. உடைந்த இதய நோய் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது, டகோட்சுபோ என்பார்கள். 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தது. இதயத்தின் இடது கீழறை, அங்கே ஆக்டோபஸ் பிடிக்கப் பயன்படும் குறுகிய கழுத்துப் பானையைப் போல உப்பிவிடும். பெரும்பாலும் வருவது மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு, பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். புதிதாக எழுதுபவர்களுக்கு இதைக் கண்டதும் கை பரபரக்கும். 32 வயது மாலதிக்கு இதைக் கொடுத்தால் மருத்துவம் தெரிந்தவர் சிரிப்பார். பெரியம்மாவுக்குக் கொடுக்கலாம். அதற்குப் பிறகு சில பக்கத்துக்கு நகைச்சுவையை நிறுத்திவைக்கத் தயாராக இருங்கள், தீவிரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஜோக்கடிக்க முடியாது.

ஆறாம் படி: சகோதரிகள் பிரியட்டும்

காதல் கதையில் நாயகனும் நாயகியும் முக்கால் தூரத்தில் பிரிவது வழக்கம். அந்தப் பிரிவைச் சின்னதாக்கி, பெரியதை அக்கா தங்கைக்குக் கொடுங்கள். பொய் உடைந்த இரவில் மாலதிக்கு வலிப்பது தங்கைக்குக் காதலன் இருப்பது இல்லை. "நான் தாங்கமாட்டேன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?" என்பதுதான். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பழைய கணக்கும் மேலே வரும்: உயிரியல், அப்பாவின் வேலை, கால்புள்ளிகள். அதுவரை டவலைப் பற்றியே பேசியவர்கள் இப்போதுதான் பேசுகிறார்கள். சத்தம் போட முடியாது, அடுத்த அறையில் அம்மா. கிசுகிசுப்பாகச் சண்டை. எழுதிப் பாருங்கள், கத்திப் போடும் சண்டையைவிடக் கடினம், ஆனால் வாசகர் மறக்கமாட்டார்.

சமாதானத்தை அறிவியலால் செய்யலாம், பேச்சால் வேண்டாம். ரூபிணிக்குக் காய்ச்சல், ஈ பொறுக்க ஆளில்லை. மாலதி தானாகக் கிளம்பி ஆய்வகத்துக்குப் போக முடியாது, அனுமதியும் பயிற்சியும் இல்லாதவரை உள்ளே விடமாட்டார்கள். ஆகவே அப்படி எழுதிவிடாதீர்கள். அவள் சக மாணவனுக்குக் காணொளி அழைப்பு போட்டு, "கரும்பச்சைப் புள்ளி இருக்கான்னு பாருங்க, இருந்தா வலப்பக்கம்" என்று ஈசூனிலிருந்தே நடத்துகிறாள். ஆய்வேட்டில் படித்த எல்லாம் வாயில் வருகிறது. மேல் கட்டிலில் போர்வைக்குள் படுத்திருப்பவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பேச்சுமொழி பற்றி

இது சென்னைக் கதை இல்லை, "மச்சி" வேண்டாம். நம் ஊர்ப் பேச்சில் தாபாவ் இருக்கிறது, கோப்பி ஓ இருக்கிறது, சிலர் வாயில் "லா"வும் இருக்கிறது. பக்கத்துக்கு ஒன்றிரண்டு போதும். எல்லா வரியிலும் "லா" போட்டால் சுற்றுலாப் பயணி எழுதிய மாதிரி ஆகிவிடும். ஆசிரியை மாலதி வகுப்பில் பேசும் தமிழும் கட்டிலில் பேசும் தமிழும் வேறாக இருக்கட்டும். கோபம் வந்தால் மட்டும் அவள் தங்கையிடம் செந்தமிழுக்கு மாறுவாள் என்று வைத்தால் சிரிப்புக்கு உத்தரவாதம்.

முறை சொல்லிக் கூப்பிடுவதிலும் கை வையுங்கள். சரவணனுக்கு 33, மாலதிக்கு 32. காதலியின் அக்காவை அவன் எப்படிக் கூப்பிடுவான்? "அக்கா" என்றால் அவளுக்கு வயது கூடுகிறது, பெயர் சொன்னால் அம்மாவின் புருவம் ஏறுகிறது. அவன் சாப்பாடு முழுவதும் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளிக்கிறான்: "அந்த... சாம்பார்... கொஞ்சம்..." மாலதி வேண்டுமென்றே காத்திருக்கிறாள்.

முடிவும் அதற்குப் பிறகும்

இரு சகோதரிகளுக்கும் ஒரே மேடையில் தாலி கட்டாதீர்கள். மாலதியின் காயத்துக்குச் சரவணனின் நண்பனை மருந்தாகக் கொண்டுவருவதும் வேண்டாம். ரூபிணிக்குக் காதல் கைகூடட்டும், வாசகர் அதற்குத்தான் வந்தார். மாலதிக்கு வேறு ஏதாவது கொடுங்கள்: பகுதிநேரமாக உயிரியல் படிக்க விண்ணப்பமோ, 35 வயதுக்கு இன்னும் மூன்று வருடம் என்று அவளே எண்ணிச் சிரிப்பதோ. விளக்கு எங்கே போகிறது என்பதையும் மறக்காமல் முடிவு செய்யுங்கள், வாசகர் கேட்பார்.

முதல் முயற்சி என்றால் குறுநாவல் வேண்டாம். விளக்கு வந்து சேரும் நாளை மட்டும் ஒரு சிறுகதையாக எழுதுங்கள். எழுதியதை ஈ ஆய்வகத்தில் இருந்த ஒருவரிடம் காட்டுங்கள். அவர்கள் வேலையைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை, ஆகவே ஆசையாகத் திருத்தித் தருவார்கள். உரையாடலை மட்டும் தனியாக, அக்கா தங்கை உள்ள ஒருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே தடுக்குகிறாரோ அங்கே வசனம் பொய்.

அனுப்ப இடங்கள் இருக்கின்றன. தமிழ் முரசு சிறுகதை வெளியிடுகிறது. தேசியக் கலை மன்றத்தின் தங்கமுனை விருதுக்குத் தமிழ்ச் சிறுகதைப் பிரிவு உண்டு. சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் நடத்தும் கதைக்களத்தில் புதியவர்களின் கதைகளைப் படித்து முகத்துக்கு நேரே கருத்துச் சொல்வார்கள். அங்கே மூத்தவர் ஒருவர் எழுந்து "கதையில் ஈ கொஞ்சம் அதிகம்" என்று சொன்னால், மற்றவர்கள் எந்த இடத்தில் சிரித்தார்கள் என்று கவனித்துவிட்டு அப்புறம் ஈயைக் குறைப்பதைப் பற்றி யோசியுங்கள்.